பெரியம்மா வீட்டுக் கவுன்

என் ஓரகத்தியின் வீட்டில் எந்த வாசனையும் இருக்காது. அதற்காகவே அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நகை, பட்டுப்புடவை, புருஷன் சம்பாத்தியம் என்று பொறாமைப்பட எவ்வளவோ இருக்க, இல்லாத ஒரு வாசனைக்காகவா என்று கேட்பவர்கள், இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் பம்மலில் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்திருக்க வேண்டும்.

கீழே என் வீட்டுக்காரரின் பட்டறை. பர்ஸ், பெல்ட், பெண்கள் மாட்டிக்கொள்ளும் கைப்பை. தோலை வெட்டி, சொல்யூஷன் தடவி ஒட்டி, மெஷினில் தைத்து கம்பெனிக்காரர்களுக்குக் கொடுப்பார். சொல்யூஷன் டப்பாவின் மூடியைத் திறந்தால் பெட்ரோலும் அழுகிய வாழைப்பழமும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை வரும். அது முதலில் மூக்கில் ஏறும், அப்புறம் தலைக்கு ஏறும், அப்புறம் மாடிப்படி ஏறி எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேரும். கல்யாணமான புதிதில் நான் வாந்தி எடுத்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தில் நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் மூக்கு செத்துப்போனது. வாடையே தெரியாமல் சமைத்தேன், தூங்கினேன், பிள்ளை பெற்றேன்.

என் மூக்கு செத்தால் ஊரார் மூக்கும் செத்துவிடுமா? என் கறுப்புப் பர்தா எப்போதும் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரு தடவை அதைப் போட்டுக்கொண்டு பல்லாவரத்தில் ரயில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைச் சுளித்து, எதிரே இருந்தவளிடம், "எங்கேயோ பெயிண்ட் அடிக்கிறாங்க போல" என்றாள். நானும் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன், யார் அடிக்கிறார்கள் என்று தேடுகிறவள் மாதிரி. வேறு என்ன செய்வது?

ஓரகத்தி என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டி அவர்களுக்குச் சொந்த வீடு, கீழே மச்சானின் எலக்ட்ரிகல் கடை, மேலே வீடு, அதற்கும் மேலே வெயில் கொட்டும் மொட்டை மாடி. எங்கள் வழக்கப்படி வீட்டுக்காரரின் அண்ணனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத தர்கா இல்லை. அந்த விஷயத்தில் எனக்கு அவள் மேல் இரக்கம் உண்டு என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் அவள் வீட்டுக்குள் நுழைந்த நிமிஷமே அந்த இரக்கம் எங்கேயோ ஓடிவிடும். துடைத்துவைத்த மாதிரி காற்று. கொசுவத்தி கிடையாது, வலைதான். வெள்ளிக்கிழமை சாம்பிராணிகூடக் கிடையாது, புகை பட்டால் அவளுக்கு மூச்சு வாங்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதது ஒரு வீடா என்று நான் என் வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அவள் பர்தாவைக் கழற்றி மடித்து வைக்கும்போது அதிலிருந்தும் ஒன்றும் வராது. அப்படி ஒருத்தி இருக்க முடியுமா என்று இருக்கும் எனக்கு.

என் மகள் நடக்கப் பழகிய சமயம் ஒரு பெருநாளைக்கு அங்கே போனோம். ஓரகத்தி அவளைத் தூக்கி, கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்து, சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"என்ன கண்ணு, உன் மேலயும் பட்டறை வாசனை வருது?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிரியாணி இறங்கவில்லை. என் பிள்ளையை முகர்ந்து பார்த்துக் குறை சொல்ல இவள் யார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். "அவங்க இன்னா தப்பா சொல்லிட்டாங்க, கீற வாசனையைத்தானே சொன்னாங்க?" என்றார். அதற்கும் சேர்த்து ஒரு ரவுண்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் சாம்பிராணி வைத்தியம். பிள்ளைக்குத் தலைக்குக் குளிப்பாட்டிவிட்டு முடி காய வைக்க ஒரு மூங்கில் கூடை வைத்திருந்தேன். தணலில் சாம்பிராணி தூவி, கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் அவளுடைய கவுன்களை ஒவ்வொன்றாகப் பரப்புவேன். புகை நூலுக்கு நூல் ஏற வேண்டும், அப்போதுதான் எனக்குத் திருப்தி. அப்புறம் சுடச்சுட மடித்து, அலமாரித் தட்டில் பூச்சி வராமல் இரண்டு பாச்சை உருண்டை போட்டு அடுக்கிவிடுவேன். என் மகள் கிட்டே வந்தாலே தர்கா கந்தூரிக் கூட்டம் வந்த மாதிரி மணக்கும். இப்போது முகர்ந்து பார்க்கட்டும் என்று மனசுக்குள் சவால் விட்டேன்.

துவைத்த துணியைக் காயப்போட எங்களுக்கு மாடிப்படிக்கு மேலே கட்டிய கொடிதான். மொட்டை மாடிச் சாவி வீட்டுச் சொந்தக்காரம்மாவின் இடுப்பிலேயே இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் மேலே போனால் தண்ணீர்த் தொட்டி அசுத்தமாகிவிடுமாம். ஆகவே கீழே கிளம்பும் காற்று முழுக்க எங்கள் துணிகள் வழியாகத்தான் மேலே வந்தது. அதை அப்போது யோசிக்கவில்லை. துணி காய்ந்ததா, அவ்வளவுதான்.

மகளுக்கு நாலு வயது முடியும்போது அரிப்பு ஆரம்பித்தது. கழுத்தைச் சுற்றி, அக்குளில், முழங்கை மடிப்பில், இடுப்பில் நாடா அழுத்தும் இடத்தில் சிவந்து தடித்துக்கொண்டது. தூக்கத்திலும் சொறிவாள். காலையில் எழுந்தால் கவுனில் ரத்தக் கோடு இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவினேன், வேப்பிலை அரைத்துப் போட்டேன், மருந்துக் கடையில் கொடுத்த ரோஸ் கலர் தண்ணி மருந்தைப் பூசினேன். முகம் மட்டும் வழவழவென்று ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. முகத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் மட்டும் ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

தாம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போக ஓரகத்திதான் ஏற்பாடு செய்தாள். அவளும் வந்தாள். டாக்டர் அறைக்குள் போனதும் என் மகள் போய் உட்கார்ந்துகொண்டது பெரியம்மா மடியில். நான் பக்கத்து நாற்காலியில், மருந்துப் பையோடு. டாக்டர் அவளைத்தான் அம்மா என்று நினைத்துப் பேசினார்.

"வீட்டுல கெமிக்கல் வாசனை ஏதாவது இருக்காம்மா?"

"இவங்க வீட்டுக்குக் கீழ லெதர் பட்டறை இருக்கு சார். நாள் பூரா சொல்யூஷன்தான்."

"அப்ப கொஞ்ச நாள் அந்த இடத்துலேருந்து குழந்தையை எடுத்துப் பாருங்க. குறையுதான்னு பார்ப்போம்."

இவங்க வீடாம். என்னைக் கை காட்டினாள். டாக்டர் அப்போதுதான் நான் ஒருத்தி இருப்பதையே பார்த்தார். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றைக்கே மகள் சேலையூரில் தங்கிவிட்டாள். நான் பெருநாளைக்கு எடுத்துத் தந்த மஞ்சள் கவுன் போட்டிருந்தாள், காலையில் புகை போட்டு மணக்க மணக்க மாட்டிவிட்டிருந்தேன். ஒரு வாரம் கழித்து அழைத்து வரப் போனபோது தோல் பாதி ஆறியிருந்தது. ஓரகத்தி தைத்துப் போட்ட நீலக் கட்டம் போட்ட பருத்திக் கவுனில் மாடியில் குதித்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கவுன் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. கேட்கக் கௌரவம் விடவில்லை.

அப்புறம் அது வாடிக்கையாகிவிட்டது. அரிப்பு முற்றினால் சேலையூர். ஆறினால் பம்மல். வந்த இரண்டு நாளில் மறுபடியும் சிவக்கும். ஒவ்வொரு தடவையும் அவள் தைத்த கவுனில்தான் பிள்ளை வந்து இறங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படியேறியதும் ஸலாம் சொல்லக்கூட விடாமல் அந்தக் கவுனை உருவி எடுத்து மூலையில் எறிந்துவிட்டு, நான் புகை போட்டு வைத்திருக்கும் என் கவுனை மாட்டிவிடுவேன். அதற்குப் பிறகுதான் அவள் என் பிள்ளை மாதிரித் தெரிவாள். "பெரியம்மா வீட்டுல நான் சொறியவே இல்லம்மா" என்பாள் அவள். அப்படியே வாயில் ஒன்று போடலாமா என்று இருக்கும். பிள்ளை உண்மையைத்தான் சொன்னாள், அதுதான் எரிச்சல்.

கோடை விடுமுறைச் சமயத்தில் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீயைக் குடித்துவிட்டு, தம்பியைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"ஜூன்ல அவளை ஸ்கூல்ல சேர்க்கணும்ல? சேலையூர்லயே நல்ல ஸ்கூல் இருக்கும்மா. எங்ககூடவே இருந்து படிக்கட்டும். லீவு நாள்ல நீங்க வந்து பாருங்க. தோலும் நல்லாயிடும்."

எங்கள் குடும்பங்களில் இது புதிதல்ல. பிள்ளை இல்லாத வீட்டில் உடன்பிறந்தவன் பிள்ளை வளர்வது சாதாரணம். வளர்ந்த பிறகு பெற்றவளைச் சின்னம்மா என்று கூப்பிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தச் சின்னம்மாக்கள் சிரித்துக்கொண்டே தட்டில் சோறு வைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

"கொஞ்சம் டைம் குடுங்க மச்சான்" என்றேன்.

"யோசிச்சு சொல்லும்மா, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். ஜூன் பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் தோல் துண்டு ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "புள்ள நல்லா இருந்தா போதாதா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அழுகிற ஆளிடம் சண்டை போட எனக்கு வரவில்லை. ஆனால் முடிவு பண்ணிவிட்டார் என்று புரிந்துவிட்டது. நான் ஒருத்திதான் பாக்கி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சேலையூரிலிருந்து மகளை அழைத்து வந்தபோது தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. ரயிலிலேயே தூங்கிவிட்டாள். நீலக் கட்டம் போட்ட கவுன்தான். இருட்டில் தடவி எழுப்பினால் அழுவாள் என்று அப்படியே படுக்க வைத்துவிட்டேன். காலையில் எழுந்தால் தண்ணீர் இல்லை. லாரி வரவில்லை. குடத்தில் இருந்த தண்ணீர் சமையலுக்கே காணாது, குளிப்பாட்ட எங்கே போவது? குளிப்பாட்டாமல் மாற்றுத்துணி போட எனக்குப் பிடிக்காது. ஆக அதே கவுனில் அன்றைக்கு முழுக்க இருந்தாள். பட்டறையில், அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தோல் துண்டுகளை அடுக்கி விளையாடினாள். சொல்யூஷன் டப்பா அவள் மூக்குக்கு நேரே திறந்திருந்தது. மறுநாளும் அப்படியே. கவுன் அழுக்காகிக் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. பிள்ளை ஒரு தடவைகூடச் சொறியவில்லை.

லாரி வந்தது. சந்தோஷமாகக் குளிப்பாட்டி, அலமாரியிலிருந்து நான் புகை போட்டு வைத்த கவுனை எடுத்து மாட்டினேன். சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் கழுத்தைப் பிடித்துப் பிறாண்ட ஆரம்பித்தாள்.

அதே அறை, அதே பட்டறை, அதே காற்று. மாறியது கவுன் மட்டும்தான். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அந்தக் கவுனில் அவள் ஏதோ பண்ணியிருக்கிறாள். ஓதி ஊதியிருக்கிறாளோ, எண்ணெய் எதிலாவது ஊறவைத்தாளோ, பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கவே தைத்திருக்கிறாளோ. என் புத்தி போன போக்கு அது. அந்தக் கவுனை நானே சோப்புப் போட்டு அலசி, எங்கள் கொடியிலேயே காயப்போட்டு, மறுநாள் மாட்டிவிட்டுப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் இடுப்பெல்லாம் சிவந்துவிட்டது. அவள் பண்ணிய மந்திரம் எதுவாக இருந்தாலும் என் வீட்டுக் கொடியில் ஒரு நாள் தொங்கியதும் தீர்ந்துவிட்டது.

சரி, என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்று மகளை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் சேலையூருக்குக் கிளம்பினேன். நான் போன நேரம் அவள் மாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குப் பக்கத்தில் இருந்த சோப்பைத்தான் முதலில் பார்த்தேன். நான் வாங்குகிற அதே நீலக் கட்டி சோப்பு. எனக்குப் பெரிய ஏமாற்றம். துணியை உதறிக் கம்பியில் போட்டாள். வெயிலும் காற்றுமாக அது மொறமொறவென்று காய்ந்தது. எடுத்துக்கொண்டு போய் மடித்து, ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினாள். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை.

"பாச்சை உருண்டை போட மாட்டீங்களாக்கா?"

"அதெல்லாம் எனக்கு ஆவாதும்மா. அந்த வாடை பட்டாலே இழுக்க ஆரம்பிச்சுடும்."

அவள் தண்ணீர் கொண்டுவரப் போனபோது பெட்டியைத் திறந்து குனிந்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. வெறும் பருத்தி. நிமிர்ந்தபோது என் பர்தாக் கை என் மூக்கின் மேல் உரசியது. குப்பென்று அடித்தது. சொல்யூஷன், அதன் மேல் சாம்பிராணி, அதன் மேல் கொசுவத்தி, பாச்சை உருண்டை, பழைய தாளிப்பு, எல்லாம் ஒன்றாக. என் மூக்கு செத்திருந்தது என் வீட்டில்தான். இங்கே வந்து உயிர் பிழைத்து என்னையே காட்டிக்கொடுத்தது. இதைத்தான் இத்தனை வருஷமாக என் பிள்ளைக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேனா? கழுத்தில், அக்குளில், இடுப்பில், எங்கெல்லாம் துணி ஒட்டுமோ அங்கெல்லாம் தடிப்பு. துணி படாத முகத்தில் ஒன்றுமில்லை. ரயிலில் திரும்பி வரும்போது குரோம்பேட்டை எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரரிடம் சொன்னால் நம்பவில்லை.

"காத்து ஒண்ணுதானேடி? அதுல துணி இன்னா பண்ணும்?"

"கல்யாண வீட்டுல பிரியாணி அடுப்பு பக்கத்துல நின்னுட்டு வந்தீங்களே, மூக்குல வாசனை எப்பப் போச்சு?"

"வெளிய வந்ததும் போச்சு."

"சட்டைல?"

யோசித்தார். "துவைக்கற வரைக்கும் இருந்துச்சு" என்றார்.

"அந்தச் சட்டையை உங்க மேல ஒட்டி வச்சு வேர்க்க விட்டா? அதுதான் நம்ம புள்ளைக்கு."

மறுபடியும் தாம்பரம் டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை ஓரகத்தியைக் கூப்பிடவில்லை. மகள் என் மடியில் இருந்தாள். டாக்டர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "நீங்க சொல்றது சரிம்மா. துவைச்சு வெளிய காஞ்ச சுத்தமான துணின்னா, காத்துல இருக்கறது தோல்ல படாம கொஞ்சம் தடுத்துக்கும். அதே துணி அந்தப் புகையிலேயே நாள் கணக்கா தொங்கி ஊறிடுச்சுன்னா, அப்புறம் துணியே தோலுக்கு ஊட்டி விடும். பெரியவங்களுக்கும் அப்படித்தான், குழந்தைத் தோல் சீக்கிரம் காட்டிக்குடுத்துடும்." சுவாசிக்கவும் அந்தக் காற்று நல்லதில்லை, அதற்கும் வழி பண்ணுங்கள் என்றார். வீட்டுக்காரர் அந்த வாரமே மாடிப்படி அடியில் ஒரு கதவு போட்டார், பட்டறைச் சுவரை உடைத்துத் தெருப் பக்கம் காற்றை இழுத்துத் தள்ளும் ஃபேன் மாட்டினார். நான் சாம்பிராணிக் கூடையைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன்.

டாக்டர் பேசியது முழுக்க என்னைப் பார்த்துத்தான். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

எல்லாம் சரி, துணியை எங்கே காயப்போடுவது? எங்கே வைப்பது? கதவு போட்டும் வாடை கொஞ்சம் ஏறத்தான் செய்தது. வீட்டுக்காரம்மாவிடம் மாடிச் சாவிக்குக் கெஞ்சினேன். "உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்" என்றாள். தெருவில் கட்டினால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை. எனக்குத் தெரிந்து வெயிலும் சுத்தமான காற்றும் மூடி போட்ட பெட்டியும் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அல்லாஹ் யாரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமோ அவளிடமே நிறுத்தினான்.

மகளின் துணிகள் மொத்தத்தையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு போனேன். ஓரகத்தி கதவைத் திறந்ததும் என் பின்னால் பார்த்தாள்.

"புள்ள எங்க?"

"அவங்க அத்தாகிட்ட இருக்காக்கா."

உள்ளே நாற்காலி மேல் ஒரு புதுத் தண்ணீர் பாட்டிலும் பள்ளிக்கூட ஷூவும் இருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். நான் டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். பம்மலிலேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறோம் என்றேன்.

"வாரா வாரம் நான் துணியைக் கொண்டாரேன்கா. நானே துவைச்சு உங்க மாடியில காயப்போட்டுக்கறேன். காஞ்சதை உங்க பெட்டியில வச்சிருந்தா, வேணுங்கறப்ப எடுத்துட்டுப் போறேன்."

அவள் அந்தப் பையைப் பார்த்தாள்.

"புள்ளைய எனக்குத் தர மாட்டே" என்றாள். "அவ அழுக்குத் துணிய மட்டும் தருவே."

கோபமாகச் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. நாலு வருஷமாகச் சேர்த்து வைத்த பதில்கள். அவள் சாதாரணமாக, கணக்கைச் சரிபார்க்கிறவள் மாதிரிச் சொன்னாள். அவளே குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"நீ துவைக்க வேணாம். அவ்ளோ தூரம் வந்துட்டு எதுக்கு? வச்சுட்டுப் போ."

ஜூனில் மகள் பம்மலில் பள்ளிக்கூடம் போனாள். தடிப்பு மெல்ல மெல்ல அடங்கி, மழைக்காலத்துக்குள் கருத்த தழும்பு மட்டும் மிச்சம் நின்றது. ஜெயித்தது நான்தானே? பிள்ளை என்னிடம்தானே இருந்தாள்? இருந்தாள். ஆனால் தினமும் காலையில் என் ஓரகத்தி துவைத்து, என் ஓரகத்தி மடித்த துணியை நான் பிரித்துப் போட்டுவிட வேண்டும். அவள் கவுனின் கையை உள்ளே மடித்து மூன்றாக மடிப்பாள், நான் இரண்டாக மடிப்பேன். ஒரு நாள் நான் திருப்பி மடித்ததைப் பார்த்து மகள், "பெரியம்மா மாதிரி மடிம்மா" என்றாள். பொத்தான் தளர்ந்திருந்தால் நான் கவனிக்கும் முன்பே அவள் தைத்து அனுப்பியிருப்பாள். பாவாடையின் ஓரம் குட்டையானால் அவள்தான் பிரித்து இறக்கியிருப்பாள். பிள்ளை எவ்வளவு வளர்ந்தாள் என்று என்னைவிட அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. படுக்கையில் மகளை இழுத்து அணைத்து முகர்ந்தால் ஒன்றும் வராது. அவள் வீட்டின் அந்த ஒன்றுமில்லாத வாசனைதான். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன், என்ன செய்ய?

இதில் அந்த மஞ்சள் கவுன் வேறு. அதை அவள் திருப்பித் தரவே இல்லை. வாரா வாரம் எண்ணாமல் எண்ணிப் பார்ப்பேன், எல்லாம் இருக்கும், அது இருக்காது. நான் ஆசையாக எடுத்துக் கொடுத்த துணி என்பதால் வேண்டுமென்றே கிழித்துத் துடைக்கும் துணியாக்கிவிட்டாள் என்று முடிவே பண்ணிவிட்டேன். அவள் அடுப்படியில் கிடக்கும் கரித்துணிகளைக்கூட மஞ்சளாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன்.

ஒரு நாள் நான் போனபோது அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். "பெட்டியிலேருந்து நீயே எடுத்துக்கம்மா" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். மேலே இருந்த துணிகளைப் பையில் வைத்தேன். அப்புறம் கை சும்மா இருக்குமா? அடி வரைக்கும் துழாவினேன். பெட்டியின் அடியில், அவளுடைய புடவை ஒன்றுக்குக் கீழே, துணிக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்று. அதற்குள் இன்னொரு பை. இரண்டும் வாய் இறுக முடிச்சுப் போட்டிருந்தது. உள்ளே மஞ்சள் தெரிந்தது.

முடிச்சை நகத்தால் அவிழ்த்தேன். திறந்ததும் என் வீடு வெளியே வந்தது. சாம்பிராணி, சொல்யூஷன், பாச்சை உருண்டை, அதற்கு அடியில் என் மகளின் கழுத்து வியர்வை. நாலு வயதுப் பிள்ளையின் வியர்வை, இப்போது அவளிடம் இல்லாதது. முதல் தடவை டாக்டரிடம் போய் வந்த அன்றைக்குக் கழற்றி வைத்த கவுன், ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டாமல் அப்படியே இருந்தது. முடிச்சுப் போட்ட இடத்தில் பிளாஸ்டிக் நெளிந்து வெளுத்திருந்தது. பல தடவை அவிழ்த்துக் கட்டினால்தான் அப்படி ஆகும்.

சாம்பிராணி வாடை பட்டாலே மூச்சு இழுக்கும் அவளுக்கு.

நான் அவசரமாக முடிச்சைப் போட்டேன், அவள் போட்டது மாதிரியே. புடவைக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினேன். அவள் டீயோடு வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

"அந்த மஞ்சள் கவுன் அவளுக்குச் சின்னதாப் போயிருக்கும்கா" என்றேன். "இங்கயே கிடக்கட்டும்."

"கிடக்கட்டும்" என்றாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேலே இருந்த ஒரு கவுனை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த பருத்தி, வேறு ஒன்றும் இல்லை. சானடோரியம் தாண்டும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளை நினைத்து என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்போதும் பொறாமைதான். மகளின் வாசனையோடு அப்படி ஒரு கவுன் என்னிடம் இல்லை.